எரிகுழம்பு வடிந்த வழி

ரெயூனியன் தீவின் தென்கிழக்கு ஓரம். கிரான் புரூலே. இரு பக்கமும் கரும்பாறை. நடுவே தார்ச்சாலை. வேன் நிற்கிறது.

ஹெல்மெட், நெற்றி விளக்கு, கையுறை, முழங்கால் கவசம். வரிசையில் நின்று வாங்கிக்கொள்கிறோம். முன்பு மாட்டியவரின் வியர்வை என் வாரில் இன்னும் காயவில்லை.

பாறைமேல் சாம்பல் வெள்ளையாக லைக்கன் பூத்திருக்கிறது. ஆறிய லாவாவில் முதலில் குடியேறுகிறவற்றில் இதுவும் ஒன்று.

*

கூரை இடிந்து விழுந்த இடம்தான் வாசல். குனிந்து இறங்குகிறோம்.

காற்று முதுகோடு நின்றுவிடுகிறது.

*

இந்தப் பாறை 2004-இல் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டில் நிற்கும் டிவிஎஸ் 50 இதைவிட மூத்தது.

*

காய்ச்சிய பால் ஆறும்போது ஆடை படிகிற மாதிரி, ஓடும் லாவா மேலே முதலில் இறுகுகிறது. அடியில் சூடு அடைபட்டுக் கிடக்கிறது. 1,100 டிகிரிக்குப் பக்கம். குழம்பு ஓடிக்கொண்டே இருக்கிறது. மலையில் ஊற்று நின்றதும் உள்ளே இருப்பதும் சரிவில் வடிந்துவிடுகிறது.

மிஞ்சுவது ஓடு. அதற்குள் நாங்கள்.

*

சுவரில் கோடுகள். ஒவ்வொன்றும் குழம்பு ஒரு சமயம் நின்ற மட்டம். ஒன்று என் இடுப்பளவு. ஒன்று தலைக்கு மேலே.

*

கூரையில் சொட்டுகள். விழப்போய், விழாமல் இறுகியவை.

ஒன்றைக் கிட்டத்தில் பார்க்கிறேன். சுண்டுவிரல் நுனியளவு. தூரத்தில் கறுப்பு. விளக்கு நேராகப் பட்டால் ஈயப் பளபளப்பு, நுனியில் துருச் சிவப்பு. சுண்ணாம்புக் குகையில் இவ்வளவு நீள எத்தனையோ வருஷம் ஆகும். இதற்கு அத்தனை அவகாசம் கிடைக்கவில்லை.

தொடக் கூடாது. விரல் அரை அங்குலம் தள்ளி நிற்கிறது.

*

விளக்குகளை அணைக்கச் சொல்கிறார் வழிகாட்டி.

யாருடைய கைக்கடிகாரமோ பச்சையாகத் தெரிகிறது. ஒரு உள்ளங்கை அதையும் மூடுகிறது.

காது எதையோ தேடுகிறது. புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் லாரி முனையத்தை ஒட்டிய வீடு. இரவெல்லாம் எஞ்சின் சத்தம். அது இல்லாமல் காதுக்கு நிலைகொள்ளவில்லை.

பிறகு தேடுவதை விடுகிறது.

எங்கோ ஒரு சொட்டு. தண்ணீர்தான்.

*

வழிகாட்டியின் பிரெஞ்சு பாதி புரிகிறது. கிரியோல் கலந்தால் அந்தப் பாதியும் போய்விடுகிறது. குடும்பப் பெயர் தமிழ். தமிழ் தெரியாது. 1848-இல் அடிமை முறை ஒழிந்த பிறகு கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்களின் வழி. ஏறியது புதுச்சேரியிலா காரைக்காலிலா, வீட்டில் யாருக்கும் தெரியாதாம்.

ஊர் கேட்கிறார். சொல்கிறேன். தலையசைக்கிறார். நெற்றி விளக்கும் அசைகிறது. சுவரில் என் நிழல் ஏறி இறங்குகிறது.

*

2004 ஆகஸ்டில் குழம்பு இந்தச் சரிவில் இறங்கிக் கடலில் விழுந்தது. டிசம்பரில் எங்கள் கரையில் கடல் மேலேறி வந்தது. இரண்டுக்கும் தொடர்பு இல்லை. நினைவு பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்கிறது.

*

கூரை தாழ்கிறது. தவழ்கிறோம். முன்னால் போகிறவரின் காலணி அடிப்பாகம் மட்டும் தெரிகிறது.

விரிசல் வழியே ஒரு வேர். நூல் கனம். நுனியில் ஈரம். மேலே என்ன செடியோ.

மூச்சு குட்டையாகிறது. கொஞ்சம் பயம். இருக்கட்டும்.

*

வெளியே வெயில். கண் கூசுகிறது. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள்.

2007-இல் உச்சியின் எரிவாய் 300 மீட்டருக்கு மேல் உள்ளே இறங்கியது, குழம்பு இந்தச் சாலையை மூடியது என்றெல்லாம் சொல்லிக்கொண்டே வழிகாட்டி முழங்கால் கவசங்களை எண்ணிப் பையில் போடுகிறார். ஒன்று குறைகிறது. மறுபடி கொட்டி எண்ணுகிறார்.