சொல்ல இயலாத வலி

நோயாளி தம் வலியைச் சொல்கிறார், மருத்துவர் கேட்கிறார். மருத்துவம் இவ்வுரையாடலிலிருந்தே தொடங்குகிறது. சொல்ல இயலாதவர் வந்து அமரும்போது என்ன நிகழ்கிறது?

அறிவுவளர்ச்சிக் குறைபாடுடைய, நாற்பது வயதை நெருங்கும் ஒருவர் திடீரென உணவை மறுக்கிறார். தலையைச் சுவரில் மோதுகிறார். 'இவர்கள் இப்படித்தான்' என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அமைதிப்படுத்தும் மாத்திரை எழுதப்படுகிறது. உண்மைக் காரணமோ சொத்தைப் பல்லாக, காதுச் சீழாக, நெடுநாள் மலச்சிக்கலாக இருக்கலாம். குறைபாட்டின் நிழலில் நோய் மறைந்துபோகிறது.

இந்நிழல் உயிரையும் பறிக்கும். இங்கிலாந்தின் தென்மேற்குப் பகுதியில் இத்தகையோர் 247 பேரின் இறப்பை ஆராய்ந்த அறிக்கை 2013-இல் வெளியாயிற்று. பொதுமக்களைவிட ஆண்கள் சுமார் 13 ஆண்டுகளும், பெண்கள் 20 ஆண்டுகளும் முன்னதாகவே இறந்திருந்தனர். நோயைக் கண்டறிவதிலும் சிகிச்சையிலும் நேர்ந்த தாமதம் அதில் சுட்டிக்காட்டப்பட்டது. அந்நாட்டில் இவர்களுக்கு 14 வயது முதல் ஆண்டுதோறும் குடும்ப மருத்துவரிடம் முழு உடற்பரிசோதனை உண்டு. கனடா நாட்டு மருத்துவர்கள் 2006-இல் வகுத்து, 2011-லும் 2018-லும் திருத்திய நெறிமுறைகளோ, நடத்தை மாறினால் முதலில் உடல்நோயைத் தேடுமாறு அறிவுறுத்துகின்றன.

இதற்கெல்லாம் நேரம் வேண்டும். நீண்ட வரிசை காத்திருக்க, ஒருவருக்கு மட்டும் மும்மடங்கு நேரம் அளிப்பது முறையா? எல்லார்க்கும் சம நேரம் என்பதே நீதி என்று தோன்றும். ஆனால் பேசத் தெரிந்தவர் மூன்று நிமிடத்தில் பெறும் உதவியை, பேச இயலாதவர் அதே மூன்று நிமிடத்தில் பெறமுடியாது. அளவில் சமமாயிருப்பது பயனில் சமமாவதில்லை. நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் சிகிச்சையில் இவர்களுக்கு முன்னுரிமை வழங்கவேண்டும் என்கிறது. எனினும் அந்த நேரத்தைத் தரவேண்டியவர் மருத்துவர் மட்டுமல்லர். வரிசையில் பின்னால் முணுமுணுத்து நிற்கும் நாமுமே.

இன்னுமொன்று. மருத்துவர் அவர் முகத்தைப் பாராமல் தாயிடமே, 'இவனுக்கு என்ன?' என்று கேட்கிறார். தாயின் அறிவு விலைமதிப்பற்றது; எந்த அழுகை பசி, எந்த அழுகை நோவு என்பதை அவரே அறிவார். ஆயினும் தாயின் சொல் மகனுக்குத் துணையாகலாமேயன்றி, மகனே அங்கு இல்லாததுபோல் ஆக்கிவிடலாகாது. அன்றியும், அத்தாய் மறைந்தபின் அவ்வழுகையின் பொருளை யார் அறிவார்? அவர் அறிந்தவற்றை ஒரு குறிப்பேட்டில் இன்றே எழுதிவைக்க நாம் உதவலாம்.

சொல்லப்படாததால் வலி இல்லாமற் போவதில்லை. அதைக் கேட்கும் பொறுமை நம்மிடம் உண்டா என்பதே நம்முன் நிற்கும் கேள்வி.