கடனின்மை என்னும் இன்பம்



இல்லறத்தார்க்குரிய இன்பங்கள் நான்கெனப் பகவன் புத்தர் அநாதபிண்டிகருக்கு அருளினார். பொருளுடைமை, அதனைத் துய்த்தல், கடனின்மை, குற்றமின்மை என்பன அவை. சிறிதாயினும் பெரிதாயினும் எவருக்கும் கடன்படாதிருத்தலே மூன்றாம் இன்பம்.

உச்சநீதிமன்ற ஆணைப்படி, டில்லியில் 168 தொழிற்சாலைகள் 1996 நவம்பர் 30-க்குள் இயக்கத்தை நிறுத்த நேர்ந்தது. பிர்லா நெசவாலையும் அவற்றுள் ஒன்று. ஆலைச் சங்கு ஓய்ந்தாலும் வட்டி ஓய்வதில்லை.

ஆகவே, காலத்திற்கு முன்பே ஓய்வு பெற்று அறப்பணி புரிய விழைவோர் முதலில் தம் கடனைக் கணக்கிடுக. நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வீதம் ஓரிலட்சம் கடனிருப்பின் ஆண்டு வட்டி 24,000 ரூபாய். ஓய்வுத் தொகையில் ஓரிலட்சத்தை ஆண்டுக்கு நூற்றுக்கு ஏழு வீதம் வங்கியிலிட்டால் வருவதோ 7,000. எஞ்சிய 17,000-ஐச் சுமப்போர் மனைவி மக்களன்றோ? வீட்டுக் கடனையும் கைமாற்றையும் தீர்த்து, பத்திரத்தை மீட்ட பின்னரே வேலையை விடுக.

“அறப்பணிக்குக் கடன் தடையாகுமோ?” எனின், ஆகும். விநய விதிப்படி கடனாளிக்குத் துறவளித்தல் கூடாது. உபசம்பதை வேண்டுவோனிடம் கடனுண்டோ என வினவுதல் இன்றும் மரபு. பிறர் பொருளைச் சுமந்துகொண்டு விடுதலை தேடுதல் தகாது.

டில்லியில் 1966-இல் கண்டறியப்பெற்ற அசோகர் பாறைக் கல்வெட்டு, பெரியோரேயன்றி எளியோரும் முயற்சியால் உயர்நிலை எய்தலாம் என்கிறது. உழைத்துப் பிழைக்கும் நாமும் முயல்வோம். முன்னைய மூன்று இன்பங்களும் குற்றமின்மையின் பதினாறில் ஒரு பங்கும் பெறா. எனினும் அதற்குக் கடனின்மையே வாயில்.

எல்லா உயிர்களும் நலமுறுக!