கையில் கொடுக்கக்கூடிய கட்டு

சீட்டுக்கட்டு என்றதும் நம்மவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது சூது. அதில் பிழை சொல்ல முடியாது. கடதாசியில் காணி போன குடும்பங்களை நம் ஊர்களில் எல்லாருக்கும் தெரியும். ஸூரத்துல் மாயிதாவில் மதுவோடு சேர்த்துச் சூதும் ஏன் விலக்கப்பட்டது என்று அந்தக் குடும்பங்களுக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. நான் இங்கே எழுத வந்தது சூதாடுகிறவனின் கட்டைப் பற்றியல்ல, வித்தை காட்டுகிறவனின் கட்டைப் பற்றி. அதை எப்படித் தரம் பார்ப்பது என்று படிக்கப்போய், ஓர் ஆசிரியனாக நான் செய்த பிழையொன்றை அளந்து பார்க்கும் கோல் எனக்குக் கிடைத்தது.

2005ஆம் ஆண்டு. சுனாமி வந்துபோய்ச் சில மாதங்கள். சாகாமத்துப் பக்கத்தில் ஒரு சிறிய பாடசாலையில் கணிதம் படிப்பிக்கத் தொடங்கியிருந்தேன். ஆசிரியர் கலாசாலைப் பயிற்சியெல்லாம் பிறகுதான். கரையோரத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த பிள்ளைகளும் வகுப்பில் இருந்தார்கள். அவர்களைக் கொஞ்சம் சிரிக்க வைக்கலாம் என்று, கொழும்புக்குப் போனபோது புறக்கோட்டை நடைபாதையில் ஒரு வித்தைக் கட்டு வாங்கி வந்தேன். அதன் 52 சீட்டுகளில் 26 சீட்டு ஒரே சீட்டு, ஆடுதன் ஒன்பது. அந்த 26 சீட்டும் மற்றவற்றைவிட மயிரளவு கட்டையானவை. நீளமும் கட்டையுமாக மாறி மாறி அடுக்கியிருப்பதால், பெருவிரலால் ஓரத்தை வருடி விட்டால் எல்லாம் வெவ்வேறு சீட்டாகத் தெரியும். வெட்டி எடுத்தால் ஆடுதன் ஒன்பதுதான் வரும்.

அன்று பாடம் நிகழ்தகவு. மூன்று பிள்ளைகளைக் கூப்பிட்டு ஒருவர் பின் ஒருவராக வெட்டச் சொன்னேன். மூவருக்கும் ஆடுதன் ஒன்பது. இது தற்செயலாக நடப்பதற்கான வாய்ப்பு 140,608இல் ஒன்று என்று கரும்பலகையில் பெருக்கிக் காட்டினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். “கணக்கை ஒழுங்காப் படிச்சா இதெல்லாம் செய்யலாம்” என்றும் சொல்லிவிட்டேன். பின்வாங்கிலிருந்து ஒரு பையன் எழும்பினான்.

“சேர், அந்தக் கட்ட ஒருக்காத் தாங்க. பாத்துட்டுத் தாறன்.”

“மணி அடிக்கப் போகுது, இருங்க மகன்” என்று சொல்லிக் கட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

இரண்டு மூன்று வாரம் கழித்து, பிள்ளைகளுக்கென்று மூன்று சைக்கிள்கள் உதவியாக வந்தன. வகுப்பில் 31 பேர். துண்டில் பெயர் எழுதிக் குலுக்கி எடுப்பதென்று முடிவானது. அதற்கு என்னைப் பொறுப்பு வைத்தார்கள். தகர டப்பாவில் துண்டுகளைப் போட்டு மூடியைத் தொடும்போது அதே பையன் எழும்பினான்.

“சேர், துண்டெல்லாத்தையும் நாங்க ஒருக்காப் பாக்கலாமா?”

எனக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது. ஏசத்தான் வாய் வந்தது. பிறகு டப்பாவை மேசையில் கவிழ்த்து 31 துண்டையும் விரித்து வைத்தேன். அவன் ஒவ்வொன்றாக வாசித்து, எண்ணி, மடித்துத் திரும்பப் போட்டான். அவனுக்குச் சைக்கிள் விழவில்லை. “சரி சேர்” என்று சொல்லிவிட்டு இருந்தான். குலுக்கல் நேர்மையானது. ஆனால் அந்த நேர்மையைச் சந்தேகிக்க அவனுக்குப் படிப்பித்தவன் நான்.

பல வருடங்கள் கழித்து, கட்டாரில் வேலை செய்யும் மச்சான் ஒரு பைசிக்கிள் கட்டுக் கொண்டுவந்து தந்தார். அமெரிக்காவில் 1885இலிருந்து வரும் சீட்டு அது. வித்தைக்காரர்கள் அதை ஏன் விரும்புகிறார்கள் என்று தேடிப் படித்தேன். அப்போதுதான் ஒரு கட்டைச் சோதிக்கும் முறை பிடிபட்டது.

முதலில் சீட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடிக்க வேண்டும். நல்ல சீட்டு ஒற்றைத் தாளல்ல, கறுத்த பசையால் ஒட்டிய இரண்டு தாள். அதனால் மறுபக்கம் தெரியாது. பிறகு வளைத்து விட வேண்டும். மடிப்பு விழாமல் நிமிர வேண்டும். விரலால் தடவினால் மேற்பரப்பில் துணி நெசவு போல நுண்ணிய குழிகள் தட்டுப்படும். அந்தக் குழிகளில் காற்று நிற்பதால்தான் சீட்டு சீட்டின்மேல் வழுக்குகிறது, விசிறியாக விரித்தால் இடைவெளி ஒரே சீராக வருகிறது. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் மினுமினுப்பான கட்டு நம் கரையோர உப்புக் காற்றிலும் கை வியர்வையிலும் இரண்டு நாளில் ஒட்டிக்கொள்ளும். அடுத்தது ஓரம். வெட்டு ஒரே மாதிரியாக இருந்தால்தான் கட்டை 26, 26ஆகப் பிரித்து, ஒன்றுக்கு ஒன்று இடையில் புகும்படி கோக்கலாம். கடைசியாக முதுகு. தலைகீழாகத் திருப்பினாலும் கோலம் மாறக்கூடாது. வெள்ளைக் கரை இருந்தால் நடுவில் மறுபுறமாகக் கிடக்கும் சீட்டு வெளியே தெரியாது. கைவரிசையை மட்டும் காட்டுகிறவர்கள், ஒற்றைக் கையால் வெட்டிச் சுழற்றுகிறவர்கள், கண்ணைப் பறிக்கும் நிறங்களில் கட்டுத் தேடுவார்கள். அங்கே அழகுதான் காட்சி. வித்தைக்காரனோ எவரும் இரண்டாம் முறை திரும்பிப் பார்க்காத சாதாரணக் கட்டையே விரும்புவான். விசித்திரமான கட்டைக் கண்டதும் சனம் கையை விட்டுவிட்டுக் கட்டைச் சந்தேகிக்கத் தொடங்கும்.

இதையெல்லாம் படித்தபோது ஒன்று என்னை உறுத்தியது. ஊடு தெரியக்கூடாது, ஓரம் சரிசமமாக இருக்க வேண்டும், முதுகில் அடையாளம் இருக்கக்கூடாது. சூதாட்ட மேசையில் நேர்மையான கட்டுக்குச் சொல்லும் இலக்கணமும் இதுதான். ஏமாற்றுவதைத் தொழிலாகக் கொண்டவன், தன் கருவி களங்கமில்லாமல் இருக்க வேண்டுமென்று எதற்காக அலைகிறான்? வித்தை முடிந்ததும் கட்டைத் தூக்கிப் பார்க்கிறவனின் கையில் அவன் கொடுக்க வேண்டியிருக்கிறது. அதற்காகத்தான். ஏமாற்று முழுவதும் அவனுடைய கையில், வருடக்கணக்கான பழக்கத்தில் இருக்கிறது. கட்டு இரண்டு பக்கத்துக்கும் பொதுவான சாட்சி.

நம் அறபு மொழியும் இந்தச் சீட்டுக்கு அந்நியமல்ல. இஸ்தான்பூலின் தோப்கபி அரண்மனையில் 1931இல் கண்டெடுக்கப்பட்ட மம்லூக் காலச் சீட்டுகளில் கிண்ணம், நாணயம், வாள், போலோ மட்டை என்று நான்கு இனங்கள் உண்டு. மனித உருவமில்லை. அரசனும் அவனுடைய நாயிபும் எழுத்திலும் கோலத்திலும்தான் இருக்கிறார்கள். அந்த ‘நாயிப்’தான் ஸ்பானிய மொழியில் சீட்டுக்கே பெயராயிற்று. நாம் சொல்லும் ஆடுதன், உருவிதன், கலாவரை, இஸ்கோப்பன் ஒல்லாந்தர் விட்டுப்போன பெயர்கள். எத்தனையோ கை மாறி வந்த பொருள் இது. அதில் நன்மையோ தீமையோ தானாக ஒட்டிக்கொண்டிருக்கவில்லை, பிடித்த கைதான் அதைக் கொண்டுவந்தது.

அப்படியானால் விசேடக் கட்டு வைத்திருப்பதே பாவமா? நான் அப்படி நினைக்கவில்லை. வித்தை காட்டப் போகிறேன் என்று சொல்லி மேடையேறுகிறவன் சபையோடு ஓர் உடன்படிக்கை செய்கிறான். ஏமாறுவதற்குச் சம்மதித்துத்தான் நாம் பாயில் உட்காருகிறோம். நான் அன்று மேடையில் நிற்கவில்லை, வகுப்பில் நின்றேன். வித்தையைக் கணக்கென்று சொன்னேன். பிள்ளைகள் ஏமாறச் சம்மதித்து அங்கே வரவில்லை, படிக்க வந்தார்கள்.

நெல் வாங்க வருகிறவர் மூடையின் வாயில் இருப்பதைப் பார்த்து விலை சொல்லமாட்டார். கையை உள்ளே விட்டு அள்ளி, பல்லில் கடித்துப் பார்ப்பார். சந்தையில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட சம்பவம் நமக்குத் தெரியும். மழையில் நனைந்தது என்று வியாபாரி காரணம் சொன்னார். நனைந்ததை ஏன் மேலே வைக்கவில்லை என்பதே அங்கே எழுந்த கேள்வி. ஈரம் குற்றமாகவில்லை, மறைத்ததே குற்றமாயிற்று. கட்டைத் தா என்று கேட்ட பையன் குவியலுக்குள் கை விட வந்தவன். நான் மூடையைக் கட்டிவிட்டேன்.

இமாம் கஸ்ஸாலி தம் ‘அல் முன்கித்’ நூலில் ஓர் உதாரணம் தருகிறார். பத்தைவிட மூன்று பெரிது என்று ஒருவன் சொல்லி, அதை நிரூபிக்கத் தடியைப் பாம்பாக்கிக் காட்டினாலும், அவன் எப்படிச் செய்தான் என்று தாம் வியக்கலாமே தவிரத் தம் அறிவில் சந்தேகம் கொள்ளமாட்டார் என்பது அதன் சாரம். கணித ஆசிரியன் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டிய மனம் அது. நான் தடியைப் பாம்பாக்கி, மூன்று பெரிதென்று நம்பச் சொன்னேன். அந்தப் பையன் கஸ்ஸாலியை வாசிக்காமலே அந்தப் பக்கம் நின்றான்.

அடுத்த தவணையில் வகுப்புக்கு உண்மையைச் சொன்னேன். 26 ஆடுதன் ஒன்பதையும் மேசையில் பரப்பினேன். சிரிப்பு அடங்க நேரமெடுத்தது. அவன் சிரிக்கவில்லை. ஒரு சீட்டை மற்றதன்மேல் வைத்து நீளத்தை மட்டும் அளந்து பார்த்தான்.

இன்றும் நிகழ்தகவு படிப்பிக்கையில் சீட்டுக் கொண்டுபோகிறேன். பெற்றோர் ஒருவர் வந்து, “பள்ளிக்கூடத்துல கடதாசியா சேர்?” என்று கேட்டார். பாடத்துக்கு அவரையும் உட்கார வைத்தேன். சாதாரணமாகக் கோத்துக் கலைத்தால் ஏழு முறையில் கட்டின் பழைய ஒழுங்கு ஏறத்தாழ அழிந்துவிடும். இளமையில் வித்தைக்காரராக இருந்து கணித அறிஞரானவர் பெர்சி டயாக்கோனிஸ். அவரும் டேவ் பேயரும் 1992இல் இதை நிறுவினார்கள். மேல் சீட்டு மேலேயே நிற்க, ஒன்றுக்கு ஒன்று பிசகாமல் கோத்தால், எட்டாவது முறையில் 52 சீட்டும் தொடங்கிய ஒழுங்குக்கே திரும்பி வரும். செய்கை ஒன்றுதான். தேர்ச்சியில்லாத கை நீதியை உண்டாக்குகிறது, தேர்ந்த கை தான் நினைத்ததை உண்டாக்குகிறது. அதனால் தேர்ந்த கைக்கு முன்னால் இருப்பவருக்குக் கட்டைக் கேட்கும் உரிமை கூடுதலாக இருக்க வேண்டும். ஆசிரியனும் மௌலவியும் எழுத்தாளனும் தேர்ந்த கைகள்தான்.

பாடம் தொடங்குமுன் கட்டைப் பின்வாங்கில் கொடுத்துவிடுகிறேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார்கள், ஓரத்தை அளக்கிறார்கள், எண்ணுகிறார்கள். முன்வாங்குக்கு வந்து என் கைக்குத் திரும்பப் பத்து நிமிடம் போகிறது. பாடத்தில் அந்தப் பத்து நிமிடமும் சேர்த்திதான்.