ஸ்டிம்சன் காத்த நகரமும் காக்காத நகரமும்

அதிகாரம் கையிலிருக்கும் ஒருவர், தமக்கு நன்கு தெரிந்த ஓர் ஊரைக் காப்பாற்றிவிட்டு, தமக்குத் தெரியாத வேறோர் ஊரை அழிவுக்குக் கொடுத்துவிடுவாராயின் அவரை இரக்கமுள்ளவர் என்பதா, நீதி தவறியவர் என்பதா? இது ஏட்டில் மட்டும் எழும் கேள்வியன்று. 1945-ஆம் ஆண்டின் கோடையில், அமெரிக்காவின் போர்த்துறை அமைச்சராக இருந்த ஹென்றி ஸ்டிம்சன் என்னும் 77 வயது முதியவரின் முன்னே இது உயிருள்ள கேள்வியாக வந்து நின்றது.

ஸ்டிம்சன் தொழிலால் வக்கீல். அதிலும் கம்பெனிகளின் வக்கீல். 1867-இல் நியூயார்க்கில் ஓர் அறுவை மருத்துவரின் மகனாகப் பிறந்தவர். யேல், ஹார்வார்டு ஆகிய பெருங்கலாசாலைகளில் பயின்று, 1891-இல் எலிஹு ரூட் என்னும் புகழ்பெற்ற வழக்கறிஞரின் அலுவலகத்தில் சேர்ந்தார். ஈராண்டுகளில் அதன் பங்காளியானார். பெருஞ்செல்வர்களுக்குச் சட்ட ஆலோசனை கூறிப் பொருளீட்டும் வாழ்க்கை அது. 1906-இல் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் அவரை நியூயார்க்கின் மத்திய அரசு வழக்கறிஞராக நியமித்தார். வருமானம் வெகுவாகக் குறைந்தது, மனம் நிறைந்தது. பணம் சேர்ப்பதையே நோக்கமாகக் கொண்ட வக்கீல் தொழில் தமக்கு முழு நிறைவைத் தந்ததில்லை என்று பின்னர் தம் பழைய கல்லூரித் தோழர்களிடம் அவரே மனம்விட்டுக் கூறியிருக்கிறார்.

அந்தப் பதவியில் அவர் கையாண்ட ஒரு வழக்கை நம் வாசகர்கள் அறிந்துகொள்வது நலம். புரூக்ளின் துறைமுகத்தில் வந்திறங்கும் கச்சாச் சர்க்கரைக்கு எடைக்கேற்பச் சுங்கவரி விதிக்கப்பட்டு வந்தது. நாட்டின் சர்க்கரை வாணிபத்தில் பெரும்பகுதியைத் தன் கைக்குள் வைத்திருந்த அமெரிக்கன் ஷுகர் ரிஃபைனிங் கம்பெனியின் எடைத் தராசுகளில், தாங்கு கம்பத்தில் யாரும் காணாதபடி சிறு துளையிட்டு, அதன் வழியே மெல்லிய எஃகு ஸ்பிரிங்கைச் செருகி வைத்திருந்தார்கள். ஊழியன் அதனை அழுத்தியதும் சர்க்கரையின் எடை குறைத்துக் காட்டப்படும். மூட்டைக்குச் சில ராத்தல்தான். ஆனால் ஆண்டுக்கணக்கில் நடந்த மோசடி அது. 1907-இல் அது அம்பலமாயிற்று. ஸ்டிம்சன் விடாது வழக்காடி, 20 லட்சம் டாலருக்கு மேல் அரசாங்கத்துக்கு மீட்டுத் தந்தார். ஸ்பிரிங்கை அழுத்திய எளிய ஊழியர்கள் சிறை சென்றார்கள். அவர்களுக்குக் கிடைத்தது வாரக்கூலி. கொள்ளை இலாபம் சென்றடைந்த இடமோ வேறு! அளவையிலும் நிறுவையிலும் மோசம் செய்வது எத்துணைப் பெரிய பாவம் என்பதைப் பால பாடமாகக் கற்று வளர்ந்த நமக்கு, ஒரு கம்பெனி வக்கீல் தம் தொழிலை விட்டு வந்து அந்தத் தராசைத் திறந்து காட்டிய செய்தி மகிழ்ச்சி தருவதே.

அதன் பிறகு அவர் வகித்த பதவிகள் பல. 1911 முதல் 1913 வரை போர்த்துறை அமைச்சர். 1927-இல் பிலிப்பைன்ஸின் கவர்னர் ஜெனரல். 1929-இல் வெளிநாட்டு அமைச்சர். இடையிடையே மீண்டும் வக்கீல் தொழில். இவற்றுள் ஒன்றை மட்டும் நின்று சொல்ல வேண்டும். 1917-இல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியபோது அவருக்கு 49 வயது. ஒருகாலத்தில் தளபதிகளுக்கே உத்தரவிட்டவர், அந்தத் தளபதிகளின் கீழ் அதிகாரியாகச் சேர்ந்து, பீரங்கிப் படையில் பயிற்சி பெற்று பிரான்ஸுக்குச் சென்றார். களத்தில் இருந்த நாட்கள் சொற்பமே. எனினும் 'கர்னல்' என்னும் பட்டத்தையே வாழ்நாளெல்லாம் பெரிதாக மதித்தார். யுத்தத்துக்குப் பிறரை அனுப்புகிறவர் தாமும் ஒருமுறை அதன் சேற்றில் நிற்க வேண்டும் என்பதை வாயால் சொல்பவர் உண்டு, செய்தவர் அரியர்.

இத்தகைய மனிதரை ஜனாதிபதி பிராங்ளின் ரூஸ்வெல்ட், எதிர்க்கட்சியைச் சேர்ந்தவர் என்றும் பாராது 1940-இல் மீண்டும் போர்த்துறை அமைச்சராக்கினார். இங்கிருந்துதான் நம் மனம் சங்கடப்படத் தொடங்குகிறது.

ஜப்பானியர் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கிய சில வாரங்களில், அமெரிக்காவின் மேற்குக் கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சத்தினரை எல்லாம் வெளியேற்ற வேண்டும் என்னும் கூக்குரல் எழுந்தது. அப்படிச் செய்தால் தம் நாட்டு அரசியல் சாசனத்தில் பெருந்துளை விழும் என்பதை ஸ்டிம்சன் உணர்ந்தார். 1942 பிப்ரவரியில் தம் நாட்குறிப்பிலும் எழுதி வைத்தார். உணர்ந்த பிறகும் இணங்கினார். பிப்ரவரி 19-ஆம் நாள் ரூஸ்வெல்ட் ஆணையில் கையெழுத்திட்டார். ஏறத்தாழ 1,20,000 பேர், அவர்களில் மூன்றில் இரு பங்கினர் அமெரிக்க மண்ணிலேயே பிறந்த குடிமக்கள், குற்றச்சாட்டோ விசாரணையோ இன்றி முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். 1988-இல்தான் அமெரிக்க அரசு சட்டமியற்றி மன்னிப்புக் கோரிற்று. உயிரோடிருந்தவர்களுக்குத் தலைக்கு 20,000 டாலர் அளித்தது.

இதே ஸ்டிம்சன், 1944-இல் நாஜித் தலைவர்களைப் பிடித்த இடத்திலேயே சுட்டுவிடலாம் என்று பெரியவர்கள் பலர் கருதியபோது, கூடாது, முறைப்படி குற்றஞ்சாட்டி விசாரித்தே தண்டிக்க வேண்டும் என்று வாதாடினார். நூரம்பர்க் நீதிமன்றம் உருவானதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. பகைவர்க்கு விசாரணை வேண்டுமென்று நின்றவரால், தம் நாட்டுக் குடிமக்களுக்காக அவ்வாறு நிற்க முடியவில்லை. அச்சம் சூழ்ந்த நேரத்தில் தராசுக் கம்பத்தில் எவ்விடத்தில் துளை விழுகிறது என்பதைக் கண்டுகொள்ள, சர்க்கரை வழக்கை நடத்தியவருக்கும் கூட எளிதாயில்லை. அன்று, கண்டுகொண்டார், கண்டும் விட்டுவிட்டார் என்பதே சரி.

இனி அந்த நகரத்துக்கு வருவோம். 1945 மே மாதத்தில் அணுகுண்டுக்கு இலக்குகளைத் தேர்ந்தெடுத்த குழு, கியோத்தோ நகரை முதன்மையாகக் குறித்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஜப்பானின் தலைநகராக விளங்கிய ஊர். ஸ்டிம்சன் 1926-இல் அங்கு சென்று தங்கியவர். தேனிலவுக்குப் போன ஊர் என்று சிலர் கதை கட்டுவார்கள். அவருக்குத் திருமணம் நடந்தது 1893-இல். கியோத்தோவைத் தொடக்கூடாது என்று ஜூன் மாதத்தில் உறுதியாக மறுத்தார். தளபதி குரோவ்ஸ் மீண்டும் மீண்டும் வற்புறுத்தினார். ஜூலையில் ஜெர்மனியின் போட்ஸ்டாமில் ஜனாதிபதி ட்ரூமனிடமே சென்று முறையிட்டு நகரைக் காத்தார். அதன் கலைச்சிறப்பு மட்டும் காரணமன்று. அதை அழித்தால் ஜப்பானியரின் ஆறாத வெறுப்பு அவர்களை ரஷ்யாவின் பக்கம் தள்ளிவிடும் என்னும் அரசியல் கணக்கும் இருந்தது. ஜூலை 25-ஆம் நாள், ஸ்டிம்சனும் தளபதி மார்ஷலும் இசைவளித்த உத்தரவு பிறந்தது. அதில் ஹிரோஷிமா, கொகுரா, நிகாட்டா ஆகியவற்றுடன் நாகசாகியின் பெயரும் சேர்ந்திருந்தது.

காழி ஒருவர் சாட்சியத்தை விட்டுத் தாம் நேரில் அறிந்ததைக் கொண்டு தீர்ப்பளிக்கலாமா என்று ஃபிக்ஹு கலை வல்லுநர்கள் நெடுங்காலம் விவாதித்திருக்கிறார்கள். கூடாதென்போர் அஞ்சியது, சொந்த அறிவு என்னும் வாசல் வழியே சொந்த விருப்பும் வெறுப்பும் நுழைந்துவிடும் என்பதே. கியோத்தோவில் நுழைந்தது அன்புதான். அதற்காக அவரைக் குறை சொல்ல மாட்டோம். தாம் நடந்த தெருக்களை நினைத்து ஒருவர் இளகினால் அது நற்குணமே. ஆனால் நாகசாகிக்கும் தெருக்கள் இருந்தன. நூற்றாண்டுகளாக அந்நியக் கப்பல்கள் வந்துசென்ற துறைமுகம் அது. ஜப்பானியக் கிறித்தவர்கள் மிகுதியாக வாழ்ந்த ஊர். ஆகஸ்ட் 9-ஆம் நாள் குண்டு வெடித்த இடத்துக்கு மிக அண்மையில் இருந்தது அவர்களுடைய உராகாமி தேவாலயம். அன்றைய முதல் இலக்கு கொகுரா. அதன் வானம் மூடிக் கிடந்ததால் விமானம் நாகசாகிக்குத் திரும்பியது. ஒரு நகரத்தைக் காத்தது அமைச்சரின் நினைவு. மற்றொன்றைக் காத்தது மேகமும் புகையும். நாகசாகிக்கு இரண்டும் வாய்க்கவில்லை.

அவரைக் கல்நெஞ்சர் என்று கூறுவதும் தவறு. 1945 மார்ச் மாதத்தில் ஒரே இரவில் டோக்கியோவில் ஒரு லட்சம் பேர் அளவில் நெருப்புக்கு இரையானார்கள். ஜூன் 6-ஆம் நாள் ஸ்டிம்சன் ட்ரூமனிடம், கொடுமையில் ஹிட்லரையும் மிஞ்சியவர்கள் என்னும் அவப்பெயர் அமெரிக்காவுக்கு வரக்கூடாது என்று வருந்திக் கூறினார். அதே மூச்சில், விமானப்படை ஜப்பான் முழுவதையும் தகர்த்துவிட்டால் புதிய ஆயுதத்தின் வலிமையைக் காட்டுவதற்குத் தக்க இடமில்லாது போய்விடுமே என்றும் கவலை தெரிவித்தார். ஜனாதிபதி சிரித்துவிட்டு, புரிகிறது என்றாராம். இரண்டையும் நாட்குறிப்பில் ஒன்றன்பின் ஒன்றாக எழுதி வைத்தவர் ஸ்டிம்சனே. நாம் இதைப் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. பொய்யர் ஒருவர் இரண்டாவதை மறைத்திருப்பார். இவர் நேர்மையானவர், எனவே எழுதினார். எழுதிய கை நடுங்கியதா என்பதைத்தான் காகிதம் சொல்லவில்லை.

போர் முடிந்த மறுமாதம், செப்டம்பர் 11-ஆம் நாள், அணுசக்தியைக் குறித்து ரஷ்யாவுடன் நேரடியாகப் பேசி உடன்பாடு காண வேண்டும் என்று ட்ரூமனுக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். ஒருவரை நம்பத்தக்கவராக ஆக்குவதற்கு, முதலில் அவரை நம்புவதே வழி என்பது அதில் அவர் சொன்ன கருத்து. செப்டம்பர் 21 அவருடைய 78-ஆவது பிறந்தநாள். பதவியிலிருந்து விலகிய நாளும் அதுவே. அன்று நடந்த மந்திரி சபைக் கூட்டத்தில் அந்த யோசனையைக் கூறி வாதாடினார். சிலர் ஆதரித்தார்கள், சிலர் எதிர்த்தார்கள். விமான நிலையத்தில் தளபதிகள் வரிசையாக நின்று சல்யூட் செய்து அவரை வழியனுப்பினார்கள். அவர் கேட்டுக்கொண்ட பேச்சுவார்த்தை மட்டும் அவர் கேட்டபடி நடக்கவில்லை.