பாயோரம் வந்து உட்காரும் விசுவாசம்

ஆனி, ஆடியில் சாரல் விழுந்துவிட்டால் தென்காசியின் முகமே மாறிவிடும். குற்றாலம் போகும் சாலையில் வண்டிகள் நகராது. ஐந்தருவியிலும் பேரருவியிலும் ஈரத் துண்டோடு ஜனங்கள் வரிசையில் நிற்பார்கள். அதே காற்று தென்காசி அரசு மருத்துவமனை வார்டுகளுக்குள்ளும் வீசுகிறது. ஊர் மகிழ்ந்திருக்கும் காலத்தில் நோயில் கிடப்பவரின் தனிமை இரண்டு மடங்காகிறது. அவரிடம் போய், “விசுவாசமாயிருங்க, கர்த்தர் பாத்துக்கிடுவார்” என்று சொல்லிவிட்டு வருவது எளிது. அப்படிச் சொல்பவர் வாசலில் நின்று சொல்கிறாரா, பாயோரம் உட்கார்ந்து சொல்கிறாரா என்பதே எனக்குப் பெரிய கேள்வியாக இருக்கிறது.

தென்காசியிலிருந்து மலையடிவாரத்தோடே தெற்கே போனால் களக்காடு. 1931 அக்டோபர் 24 அன்று, மருந்தகம் தொடங்க எடுத்திருந்த ஒரு வீட்டைப் பார்க்க ஏமி கார்மைக்கேல் அங்கே வந்தார். அயர்லாந்தில் பிறந்து 1895இல் இந்தியா வந்தவர். கோயிலுக்கு விடப்படவிருந்த பெண் குழந்தைகளுக்கு டோனாவூரில் அடைக்கலம் தந்தவர். நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு ‘அம்மை’. இருட்டும் நேரத்தில், அங்கே தோண்டியிருந்த குழியைக் கவனிக்காமல் விழுந்தார். கால் முறிந்தது. நெய்யூர் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அப்போது அவருக்கு வயது 63. சில வாரங்களில் எழுந்துவிடுவார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். ஆனால் 1951 ஜனவரி 18 அன்று இறக்கும்வரை, ஏறக்குறைய 20 ஆண்டுகள், பெரும்பாலும் ஒரே அறைக்குள்தான் அவர் வாழ்க்கை கழிந்தது.

அவருக்காக ஜெபிக்க ஆளில்லாமல் இல்லை. டோனாவூரே ஜெபித்தது. ஆனாலும் அவர் குணமாகவில்லை. இந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிடும் பிரசங்கங்களை நான் நம்புவதில்லை. நம் கூட்டங்களில் சாட்சி சொல்ல மைக் கிடைப்பது குணமானவர்களுக்குத்தான். குணமாகாதவர் கடைசி வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு ‘விசுவாசக் குறைச்சல்’ என்று பட்டம் கட்டுவதும், மாத்திரையை நிறுத்தச் சொல்வதும் கொடுமை. ஏமி அம்மையார் டோனாவூரில் மருத்துவமனையையும் ஜெபத்தையும் சேர்த்தே வளர்த்தவர். ஒன்றை விட்டுத்தான் மற்றொன்றைப் பிடிக்க வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை.

படுக்கையில் இருந்துகொண்டு அவர் எழுதிய கடிதங்கள் 1933இல் ‘ரோஸ் ஃப்ரம் பிரையர்’ என்ற நூலாக வந்தன. நோயாளி நோயாளிகளுக்கு எழுதியவை அவை. உடம்பு நன்றாயிருப்பவர்கள் எழுதி அனுப்பும் ஆறுதல் துண்டுப் பிரதிகள், வலியில் கிடப்பவரின் உள்ளே போய்ச் சேரவில்லை என்று அவர் கண்டிருந்தார். வலியை மறைக்கவும் இல்லை, ஆண்டவரை விடவும் இல்லை. தூக்கம் வராத இரவுகளிலிருந்தே எழுதினார். அவர் சொல்லை நான் நம்புவது அதனால்தான்.

வலியை மறைக்காத ஜெபத்துக்கு வேதமும் இடம் தருகிறது. 150 சங்கீதங்களில் எத்தனையோ அழுகையில் தொடங்கித் துதியில் முடியும். 88ஆம் சங்கீதமோ இருளிலேயே நின்றுவிடுகிறது. அதையும் ஜெபம் என்றுதான் திருச்சபை காத்து வைத்திருக்கிறது. யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்ததில் உருப்படியானது அது ஒன்றுதான். வாய் திறந்ததும் கடவுளுக்காக வாதாடத் தொடங்கினார்கள். முடிவில் கடவுள் கோபித்துக்கொண்டது அவர்களைத்தான். முறையிட்ட யோபுவே சரியாகப் பேசினான் என்றார்.

பாயோரம் வந்து உட்காரும் விசுவாசத்தை பாவூர்சத்திரம் பக்கம் ஒரு வீட்டில் கண்ணால் கண்டேன். கேரளாவில் கட்டட வேலையில் விழுந்து இடுப்பொடிந்த கணவர் உள்ளே கிடந்தார். திண்ணையில் மனைவி மடியில் முறத்தோடு பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். சாயங்காலத்துக்குள் கடையில் கொடுத்தாக வேண்டிய கணக்கு அவளுக்கு இருந்தது. வந்தவர்கள் ஆளுக்கொரு வசனம் சொல்லிப் போனார்கள். பிறகு சபையிலிருந்து வயதான ஓர் அம்மா வந்தார். “ஏட்டி, நீ போயி அவனுக்குக் கஞ்சி குடு, இதை நான் பாக்கேன்” என்று முறத்தை வாங்கிக்கொண்டார். நறுக்கிய இலையில் தூளைப் பரப்பிச் சுருட்டி, நூல் கட்டி, முனை மடக்கி, மீதிக் கணக்கை முடித்துவைத்தார். அதுவரை ஒரு வசனமும் அவர் சொல்லவில்லை.

ராத்திரி வீட்டு ஜெபத்தில் அந்தப் பெண் வெடித்துவிட்டாள். “ஆண்டவருக்குக் கண்ணு இல்லையா?” என்று உரக்கவே கேட்டாள். அப்படிச் சொல்லக்கூடாது என்று யாரும் அவள் வாயை அடைக்கவில்லை. அவள் அழுது முடிக்கும்வரை உபதேசியார் காத்திருந்தார். பிறகு, அவள் கணவர் எழுந்து நடக்க வேண்டும் என்று ஜெபித்தார். நடக்காமலே போனாலும் இந்த வீட்டைக் கைவிடாதேயும் என்றும் ஜெபித்தார். ஆமென் சொன்னதும் யாரும் எழுந்து போகவில்லை. மறுநாள் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கூடப் போவது யார், அடுத்த வாரத்து அரிசி யார் வீட்டிலிருந்து என்று அங்கேயே பேசி முடித்தார்கள்.