நல்லெண்ணம் மட்டும் போதுமா?

ஒரு செயலின் அறத்தை முடிவு செய்வது செய்தவரின் எண்ணமா, செயலின் விளைவா என்பது அறவியலின் மிகப் பழைய கேள்விகளுள் ஒன்று. பாலி மொழியில் உள்ள பௌத்த நூலான மஜ்ஜிம நிகாயத்தின் உபாலி சுத்தம் என்னும் உரை இதையொத்த வாதத்தைப் பதிவு செய்கிறது. உடலால் செய்யும் தீவினையே கொடியது என்பது நிகண்டர் எனப்பட்ட சமணரின் தரப்பு. மனத்தால் செய்வதே கொடியது என்பது புத்தரின் தரப்பு. 18ஆம் நூற்றாண்டில் இம்மானுவேல் காண்ட், நிபந்தனையின்றி நல்லது எனத் தக்கது நல்ல சித்தம் ஒன்றே என்றார். அடுத்த நூற்றாண்டில் ஜான் ஸ்டூவர்ட் மில் விளைவையே உரைகல்லாகக் கொண்டார்.

இருபதாம் நூற்றாண்டில் குற்றத் தடுப்பு ஆய்வுகள் இந்தக் கேள்வியை வாழ்க்கையிலேயே வைத்துப் பார்த்தன. அவற்றுள் முதன்மையானது அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நடந்த கேம்பிரிட்ஜ்–சாமர்வில் இளைஞர் ஆய்வு. அதைத் தொடங்கியவர் ரிச்சர்ட் கிளார்க் கேபட். மருத்துவர், ஹார்வர்டில் சமூக அறவியல் கற்பித்தவர். பரிவோடு நெருங்கிப் பழகும் பெரியவர் ஒருவரின் துணை, சிறுவனைக் குற்ற வழியிலிருந்து காக்கும் என்பது அவர் நம்பிக்கை. அந்த நம்பிக்கையை அவர் சோதனைக்கும் உட்படுத்தினார். இரண்டு தொழில் நகரங்களிலிருந்து 506 சிறுவர்களைத் தேர்ந்து, வயது, குடும்பச் சூழல், இயல்பு ஆகியவற்றில் ஒத்தவர்களை இணைகளாக்கி, நாணயத்தைச் சுண்டி, ஒவ்வோர் இணையிலும் ஒருவனுக்கு மட்டும் உதவி அளிக்கப்பட்டது. ஆலோசகர்கள் சராசரியாக மாதம் இருமுறை வீடு தேடிச் சென்றனர். பலருக்குத் தனிப்பாடமும் மருத்துவ உதவியும் கிடைத்தன. சிலர் கோடை முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். 1939இல் தொடங்கிய பணி 1945இல் முடிந்தது.

முப்பது ஆண்டுகளுக்குப் பின் குற்றவியலாளர் ஜோன் மெக்கார்ட் அந்தச் சிறுவர்களைத் தேடிக் கண்டறிந்து, 1978இல் முடிவுகளை வெளியிட்டார். உதவி பெற்றவர்களில் மூன்றில் இரு பங்கினர் திட்டம் தமக்கு நன்மை செய்ததாகவே கூறினர். ஆவணங்கள் வேறாகக் கூறின. ஒரு முறைக்கு மேல் குற்றம் செய்தல், குடிநோய், கடும் மனநோய், இளவயது மரணம் ஆகியவை உதவி பெற்றோரிடமே மிகுதியாக இருந்தன. ஒருமுறைக்கு மேல் கோடை முகாமுக்குச் சென்றவர்களிடம் தீங்கு குவிந்திருந்ததைப் பிந்தைய பகுப்பாய்வு காட்டியது. வழிதவறும் சிறுவர்களை ஒன்றாகத் திரட்டும்போது அவர்கள் ஒருவரையொருவர் மெச்சி, அந்தப் போக்கையே வளர்த்துக்கொள்கிறார்கள் என்பது இதற்குத் தரப்படும் முக்கிய விளக்கம்.

உதவுவதே வீண் என்பது இதன் பொருள் அன்று. லைபீரியாவின் தலைநகர் மன்ரோவியாவில், குற்றச் செயல்களில் ஈடுபட்டிருந்த 999 ஆண்களிடையே நடந்த ஆய்வில், எட்டு வார நடத்தைச் சிகிச்சை பெற்று, பின்னர் 200 டாலரும் பெற்றவர்களிடம் திருட்டும் வன்முறையும் வெகுவாகக் குறைந்தன. பத்து ஆண்டுகளுக்குப் பின்னும் அந்தப் பயன் நீடித்தது. மாறாக, சிறைக் கைதிகளைக் கொண்டு சிறுவர்களை அச்சுறுத்தித் திருத்த முயன்ற அமெரிக்கத் திட்டங்கள், குற்றத்தைக் கூட்டியதாகவே தொகுப்பாய்வுகள் கண்டன. மூன்றிலும் நோக்கம் ஒன்றுதான், விளைவு வேறு.

எனவே எண்ணமும் விளைவும் ஒன்றையொன்று விலக்கும் அளவுகோல்கள் அல்ல. பிறருக்கு நன்மை வேண்டும் என்று உண்மையாக விரும்புபவர், அந்த நன்மை அவர்களைச் சென்றடைந்ததா என்று அறியவும் கடமைப்பட்டவர். உதவி பெற்றவரின் நன்றியுணர்வு அதற்குச் சான்றாகாது. பாதிப் பேருக்கு உதவியை மறுத்த நாணயச் சுண்டல் இரக்கமற்றதாகத் தோன்றலாம். ஆனால் மறுக்கப்பட்டவர்களோடு ஒப்பிட முடிந்ததால்தான் தீங்கு வெளிப்பட்டது. அந்த ஒப்பீடு இல்லாதிருந்தால், நன்றிச் சொற்களை நம்பி அதே திட்டம் இன்னும் பல சிறுவர்களின் வாழ்வைச் சிதைத்திருக்கலாம். கேபட் எண்ணிய நன்மை விளையவில்லை. தம் நம்பிக்கை பொய்க்கவும் இடம் வைத்து அவர் வகுத்த சோதனையே அவரது நல்லெண்ணத்தின் நிறைவான வடிவமாக நிற்கிறது.