கேட்டவரின் பொறுப்பு

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2021ஆம் ஆண்டில் 13,089 மாணவர்களும் 2022ஆம் ஆண்டில் 13,044 மாணவர்களும் தற்கொலையால் இறந்திருக்கிறார்கள். 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், உயர்கல்வி நிறுவனங்களில் மாணவர்களின் மனநலத்தை ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி எஸ். ரவீந்திர பட் தலைமையில் தேசியப் பணிக்குழு ஒன்றை அமைத்தது. அதே ஆண்டு ஜூலையில், 100 பேரோ அதற்கு மேலோ படிக்கும் நிறுவனங்கள் பயிற்சி பெற்ற ஆலோசகர், உளவியலாளர், சமூகப் பணியாளர் ஆகியோரில் ஒருவரையாவது நியமிக்க வேண்டும் என்றது. ஆக, மனம் உடைந்த மாணவரைக் கல்லூரி கண்டுகொள்ள வேண்டுமா என்று கேட்கும் காலம் முடிந்துவிட்டது. இனி கேட்க வேண்டியது வேறு: ஒருவருடைய மனத்துக்குள் எட்டிப் பார்க்கும் உரிமை கல்லூரிக்கு எங்கிருந்து வருகிறது, அது எதுவரை செல்லும்? உதவி செய்யும் கடமையிலிருந்துதான் அந்த உரிமை பிறக்கிறது. பதிலுக்குத் தரக் கையில் ஒன்றும் இல்லாதவருக்கும், சொன்னவருக்கே கெடுதல் செய்யக்கூடியவருக்கும் கேட்கும் தகுதி கிடையாது.

துயரத்தின் அடையாளங்கள் பலவும் கல்லூரியின் கண்ணெதிரிலேயே இருக்கின்றன. ஒழுங்காக வந்துகொண்டிருந்தவருடைய வருகைப்பதிவு திடீரெனச் சரிகிறது. முதல் ஆண்டில் எல்லாத் தாள்களிலும் தேறியவருக்கு மூன்றாம் செமஸ்டரில் நான்கு அரியர் விழுகிறது. மெஸ்ஸில் ஒரு வாரமாக ஆளைக் காணோம். இவற்றைக் கவனிக்கத்தான் வகுப்புக்கு டியூட்டர், இத்தனை மாணவருக்கு ஒரு மென்டார் என்ற ஏற்பாடு. நடைமுறையில் அந்த மென்டார் கோப்பு எப்போது திறக்கப்படுகிறது? கல்லூரிகளை மதிப்பிட்டுத் தரச்சான்று தரும் நாக் (NAAC) குழு வரப்போகிறது என்றதும் ‘மாணவரைச் சந்தித்து அறிவுரை வழங்கப்பட்டது’ என்ற ஒரே வாக்கியம் ஒரே மையில் வரிசையாக எழுதப்பட்டு, ஒரு வருடத்துக் கையெழுத்து ஒரே மாலையில் வாங்கப்படும் கல்லூரிகள் உண்டு. அதே வருகைப்பதிவு, 75 சதவீதத்துக்குக் கீழே போனவரைத் தேர்வு எழுத விடாமல் நிறுத்த மட்டும் தவறாமல் பயன்படுகிறது. தண்டிக்க உதவும் தகவல் ‘என்னப்பா ஆச்சு?’ என்று விசாரிக்க உதவவில்லையென்றால், பழுது தகவலில் இல்லை.

கோப்புக்குப் பதிலாகக் கேள்வித்தாள் கொடுக்கலாமே என்று நிர்வாகங்கள் நினைக்கின்றன. மனச்சோர்வை அளக்க உலகெங்கும் பயன்படும் பி.எச்.கியூ-9 ஒன்பது கேள்விகள் கொண்டது. இரண்டு நிமிடத்தில் நிரப்பிவிடலாம். 2001இல் வெளிவந்த அதன் மூல ஆய்வில், 10 மதிப்பெண்ணை எல்லையாக வைத்தபோது, கடும் மனச்சோர்வு உள்ள 100 பேரில் 88 பேரை அது பிடித்தது. இல்லாத 100 பேரில் 12 பேரையும் தவறாகச் சேர்த்துக்கொண்டது. 1,000 பேர் படிக்கும் ஒரு கல்லூரியில் 100 பேருக்கு அந்தச் சோர்வு இருப்பதாக வைத்துக்கொள்வோம். கேள்வித்தாள் சுட்டும் 196 பேரில் 108 பேர் நோயில்லாதவர்கள். உண்மையில் வாடும் 12 பேரோ அதன் கண்ணில் படவே இல்லை. ஒவ்வொருவரையும் அமரவைத்துப் பேச ஆள் இருந்தால் இது நல்ல கருவி. ஆள் இல்லாவிட்டால், 196 பேர் மீது முத்திரை குத்தும் பட்டியல் மட்டுமே மிஞ்சும். ஒன்பதாவது கேள்வி, இறந்துவிட்டால் நல்லது என்ற எண்ணமோ தன்னைத் துன்புறுத்திக்கொள்ளும் எண்ணமோ வந்ததா என்பது. பதிவு எண்ணோடு கூகுள் படிவத்தில் அதைக் கேட்டு, ‘ஆம்’ என்று வந்த பதிலை ஒரு மாதம் யாரும் திறந்து பார்க்காமல் விடுவது, கேட்காமலே இருந்ததைவிடப் பெரிய குற்றம். ஒருவர் வாய்திறந்து சொல்லியும் யாரும் வரவில்லை என்று ஆகிவிடுகிறது.

அடுத்தது, கேட்பவர் யார் என்பது. உள்மதிப்பீட்டு மதிப்பெண் போடுபவரே, விடுதியில் இடம் தருவதா வேண்டாமா என்று முடிவு செய்பவரே மனக்குறையையும் கேட்டால், மாணவர் ‘ஒண்ணும் இல்ல சார்’ என்றுதான் சொல்வார். அது அவருடைய பிடிவாதம் என்று நினைக்க வேண்டாம். தன்னைக் காத்துக்கொள்ளும் விவேகம். உண்மையைச் சொன்னவரிடம் உறுதிமொழிக் கடிதம் எழுதி வாங்குவதும், ‘வீட்டில் இருந்து சரியானதும் வா’ என்று விடுதியைக் காலி செய்யச் சொல்வதும் நடக்கும் இடத்தில் அடுத்தவர் வாய் திறக்கமாட்டார். இது நம் ஊர்ச் சிக்கல் மட்டும் இல்லை. மனநலச் சிக்கல் உள்ள மாணவர்களை வெளியேறும்படி நெருக்குகிறது என்று அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தின் மீது 2022இல் வழக்குத் தொடரப்பட்டது. 2023இல் ஏற்பட்ட உடன்பாட்டில் அது விடுப்பு விதிகளைத் தளர்த்தி, குறைந்த பாடச்சுமையோடு படிப்பைத் தொடரவும் வழிவிட்டது. ஆலோசகர் நிர்வாகத்தின் ஒற்றராக இல்லாமலும், உதவி நாடியது மதிப்பெண்ணிலோ விடுதி இடத்திலோ எதிரொலிக்காமலும் இருப்பதே கண்டறிதலுக்கு முதல் நிபந்தனை.

‘உயிர் போகிற நேரத்தில் அந்தரங்கம் எதற்கு? முதலில் பெற்றோருக்குச் சொல்ல வேண்டாமா?’ என்று கேட்பார்கள். வலுவான கேள்விதான். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை பெறுபவரின் ரகசியத்தைக் காக்கச் சொல்லும் அதே பிரிவில், உயிருக்கு ஆபத்து வரும்போது அதைத் தடுக்கத் தேவையான தகவலை மட்டும் வெளியிட இடம் தருகிறது. ‘தேவையானதை மட்டும்’ என்ற அந்த எல்லையே அறமும் கூட. பல குடும்பங்களில் பெற்றோரே முதல் துணை. ஆனால் காதலோ சாதியோ பாலின அடையாளமோ வீட்டில் வெடித்ததால் தவிக்கும் மாணவருக்கு, வீட்டுக்குப் போகும் அந்த ஓர் அழைப்பே பேராபத்து. இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகம் 2018இல் எளிய வழி ஒன்றைக் கொண்டுவந்தது: கடும் நெருக்கடி வந்தால் வெளியிலிருந்து யாரைக் கூப்பிடலாம் என்ற சம்மதத்தைச் சேரும்போதே பெறுவது. பத்தில் ஒன்பது பேருக்கு மேல் சம்மதித்தார்கள். முன்கூட்டி மரியாதையோடு கேட்டால், மாணவர்கள் உதவியின் கதவைத் தாங்களே திறந்து வைக்கிறார்கள்.

‘அவர்கள் வயதுவந்தவர்கள், வேண்டுமென்றால் வந்து கேட்கட்டும்’ என்போரும் உண்டு. எழுந்து வந்து உதவி கேட்கும் தெம்பைத்தான் மனச்சோர்வு முதலில் பறிக்கிறது. ‘ஆசிரியர் என்ன மருத்துவரா?’ என்பது இன்னொரு மறுப்பு. நோயைப் பெயர் சொல்லிக் கண்டுபிடிக்கும்படி யாரும் அவரைக் கேட்கவில்லை. மாற்றத்தைக் கவனிப்பது, தனியாக அழைத்துப் பேசுவது, ஆலோசகர் அறைவரை கூடவே போவது: அவ்வளவுதான் அவர் பங்கு. தற்கொலை எண்ணம் உண்டா என்று நேராகக் கேட்டால் அந்த எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்ற அச்சமும் வேண்டாம். அப்படிக் கேட்பது ஆபத்தைக் கூட்டுவதில்லை, பலருக்கு ஆறுதலாகவே அமைகிறது என்பது இத்துறையின் முடிவு.

எல்லாவற்றிலும் கனமான மறுப்பு இதுதான்: வாடும் மாணவரைத் தேடித்தேடி ஆலோசகரிடம் அனுப்பினால், வாட்டுகிற கல்லூரி தப்பித்துக்கொள்ளாதா? தப்பித்துக்கொள்ளும், விட்டால். தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வியில் இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. பிளஸ் டூவில் தவறியவர்கள் ஓராண்டை இழக்காமல் உடனே துணைத்தேர்வு எழுதலாம் என்ற ஏற்பாடு, எந்த மாணவரின் மனத்தையும் ஆராயாமலே பலருடைய நெருக்கடியைக் குறைத்தது. ஒரே துறையிலிருந்து ஆறு பேர் ஒரே ஆய்வகத்தைச் சொல்லி அழுதால், சிகிச்சை தேவைப்படுவது அந்த ஆய்வகத்துக்குத்தான். பெயர்கள் இல்லாமல் இத்தகைய தகவல் ஒவ்வொரு செமஸ்டரும் கல்விக்குழுவின் மேசைக்குப் போக வேண்டும். சாதிப் பெயர் சொல்லிக் கேலி செய்வது, கட்டணம் கட்டாதவரை வகுப்பில் எழுப்பி நிறுத்துவது போன்றவற்றை நிறுத்தும் முடிவாக அது திரும்பி வர வேண்டும்.

எனவே கல்லூரி நிர்வாகிகள் புதிதாக ஒரு படிவம் அச்சடிக்கும் முன் ஒன்றை விசாரிக்கட்டும்: சென்ற ஆண்டு தன் துயரத்தை வாய்விட்டுச் சொன்ன மாணவர் அதனால் எதையாவது இழந்தாரா? ஆம் என்றால், முதலில் அதைச் சரிசெய்யுங்கள். அதுவரை மாணவர்களின் அடையாள அட்டையின் பின்பக்கத்தில் 14416 என்ற எண்ணையாவது அச்சிட்டுக் கொடுங்கள். அரசின் டெலி-மானஸ் மனநல உதவிச் சேவை அது. கட்டணம் கிடையாது, எந்நேரமும் கூப்பிடலாம், தமிழிலும் பேசலாம்.